திறப்பு யார் கையில்?

“ஊர் கூடித் தேரிழுக்க வேண்டும்” என்பது நம்மவர் மேடைகளிற் சலியாது ஒலிக்கும் வாசகம். சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவாயினும், பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலாயினும், கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக் கூட்டமாயினும், தலைமையுரையில் இத்தொடர் இடம்பெறாமற் போவதில்லை. அதனைத் தொடர்ந்து புறநானூற்றின் 192ஆம் பாட்டின் முதலடியும் முழங்கும். கைதட்டல் எழும். மாலைகள் விழும். பின்னர் அவரவர் தத்தம் குறிச்சிக்குத் திரும்பிச் செல்வர்.

2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தென்மராட்சியின் வரணியில் ஒரு கோயில் தேர் வீதியுலா வந்தது. அதனை இழுத்தது மண் அகழும் இயந்திரம். வடம் பிடிக்க ஆள் போதாமையே காரணம் என்று கோயில் நிர்வாகத்தின் சார்பிற் கூறப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் வடத்தைத் தொடுவதைத் தவிர்க்கவே இயந்திரம் வரவழைக்கப்பட்டது என்று மறுதரப்பினர் குற்றஞ் சாட்டினர். அப்படம் கடல் கடந்தும் பரவிற்று, பலர் வெட்கினர், சிலர் சிரித்தனர், இரண்டு வாரங்களின் பின் எல்லாரும் மறந்தனர். இரு விளக்கங்களுள் எதனை ஏற்பினும் நம் தலை நிமிரப் போவதில்லை. இரண்டாவது உண்மையாயின் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. முதலாவது உண்மையாயின் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது: அயற் குறிச்சிகளெங்கும் கைகாலுள்ள மனிதர் வாழ்கையில், ‘ஆள் போதாது’ என்று எண்ணியவர்கள் யாரை ஆளாக எண்ணினார்கள்? யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள்?

‘ஊர்’ என்ற சொல்லின் பொருளே இங்கு விவகாரம். யாரையெல்லாம் உள்ளடக்கியது நம் ஊர்?

இக்கட்டுரையின் வாதம் எளியது. வந்தவரை ஏற்றல், கூடி உழைத்தல், சமமாக நடத்தல் ஆகிய பண்புகள் நம் ஊர் வாழ்க்கையின் பிறவிக் குணங்கள் என்று பேசுவது பொய். அவை போராடிப் பெறப்பட்டவை, காவாவிடின் இழக்கப்படுபவை. ஒரு பொது நிறுவனம் உண்மையிற் பொதுவானதா என்று அறிவதற்கு அதன் யாப்பைப் படிக்க வேண்டியதில்லை. மூன்று வினாக்கள் போதும். வாசலுக்குள் யார் வரலாம்? வாங்கில் யார் யாரோடு சமமாக அமரலாம்? திறப்பும் கணக்குப் புத்தகமும் யார் கையில் இருக்கின்றன? முதலிரு வினாக்களுக்கும் ஓரளவேனும் விடை காண்பதற்கே நம் குடாநாட்டுக்கு அரை நூற்றாண்டு சென்றது. மூன்றாவது வினாவை நாம் இன்னும் உரக்கக் கேட்கவேயில்லை.

“அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஒரு குடும்பம் போல இருந்தது” என்று பெருமூச்சு விடுவோர் உளர். அவர்களது ஏக்கத்தை முதலில் ஆராய்வோம். கோப்பாய், இருபாலை, நீர்வேலி, உரும்பிராய் ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. கிணறோ பெரும்பாலும் பங்குக் கிணறு. பலர் தோட்டத்துக்கு ஒரு கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் துலாவே கதி. ஒருவர் கிணற்று வாயிலில் நின்று பட்டை பிடிப்பார். ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் மிதிப்பர். இன்னொருவர் வாய்க்காலோடு நின்று பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். ஒருவர் பிசகினால் எல்லாம் பிசகும். கூட்டுழைப்புக்கு இதனினும் சிறந்த படம் தேடவேண்டியதில்லை. ஏக்கங் கொள்வோர் இப்படத்தைத்தான் நமக்குக் காட்டுகின்றனர்.

ஆனால் படத்தின் மறுபாதியை அவர்கள் காட்டுவதில்லை. தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்களுள் ஒரு சாரார், தாகமெடுத்தபோது அதே ஊரின் குடிநீர்க் கிணற்றில் தம் கையால் அள்ளிக் குடிக்க முடியாதவர்களாய் இருந்தனர். யாரேனும் வந்து வார்க்கும் வரை கைகளை ஏந்தி நிற்க வேண்டியிருந்தது. கிணற்றடியில் காத்து நிற்கும் இந்த அவலத்தையே கருவாகக் கொண்டு கே. டானியல் ‘தண்ணீர்’ என்று ஒரு நாவல் எழுத வேண்டியிருந்தது. உழைப்பு பொது, உரிமை தனி. சுமை பொது, நீர் தனி. இதனைக் கூட்டுறவு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம். நிலமுடையவன் அழைக்க, நிலமற்றவன் மறுக்க முடியாமல் வந்து செய்தது ஊழியம்; அதற்குக் ‘குடிமை’ என்று பெயரிட்டு, உறவு முறை போலவும் காட்டி, தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். குடும்பம் என்று சொல்கின்றீர்களே, அக்குடும்பத்தில் ஒரு பிள்ளை முற்றத்தோடு நிறுத்தப்பட்டது ஏன்?

வாசல் தானாகத் திறக்கவில்லை. அதனைத் திறந்தவர்களின் வரலாற்றை நம் பாடநூல்கள் சுருக்கிவிட்டன. ஆகையால் இங்கு நினைவூட்டுவது அவசியம்.

1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்களும் மாணவர்களும் கட்டியெழுப்பியது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அவ்வியக்கத்தினரின் அழைப்பின் பேரிலாகும். மதமும் சாதியும் கடந்து ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதை அவர்கள் ஒரு கொள்கையாகவே செய்து காட்டினர். ஒரு வேளைச் சோற்றில் என்ன புரட்சி என்று இன்று நகைக்கலாம். அன்று அதற்காக வீட்டை விட்டுத் துரத்தப்படும் அபாயம் இருந்தது என்பதை நகைப்பவர் அறியார்.

1929, 1930ஆம் ஆண்டுகளில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் என்ற விதி வற்புறுத்தப்பட்டபோது நேர்ந்ததை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அதுவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தரையிலோ தாழ்ந்த பலகையிலோ இருந்து படித்தனர். அவர்களை வாங்கில் அமர்த்தியதுதான் செய்த குற்றம். எதிர்த்து மனுக்கள் பறந்தன. பிள்ளைகள் பாடசாலையிலிருந்து மறிக்கப்பட்டனர். சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. கல்வியைத் தன் பெருமையாகக் கொண்டாடும் ஒரு சமூகம், ஒரு வாங்குக்காகத் தன் பாடசாலையையே எரிக்கத் துணிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்களைச் சபிக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே நம்மவர் கையில் ஒரு தீப்பந்தம் இருந்தது என்பதை மறைக்கும் உரிமை நமக்கில்லை.

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. அது வருவதற்கு முன் அதனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் சேர். பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண்ணும் கூலியாளும் வாக்களித்தால் நாடு கெடும் என்பது அன்றைய மேலோரின் அச்சம். 1940களிற் சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஒடுக்கப்பட்டோரைச் சங்கமாகத் திரட்டிற்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களில் எவரையும் சாதி காரணமாகத் தடுப்பது குற்றமாயிற்று.

சட்டம் வந்துவிட்டது, கதவு திறந்ததா? ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் தேநீர்க்கடைகளில் ஒருவருக்குக் கிளாசும் இன்னொருவருக்குப் போத்தலும் நீடித்தன. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் புறப்பட்ட எழுச்சி ஊர்வலமும், அதன்மீது விழுந்த பொலிசாரின் தடியடியும், அடுத்த ஆண்டில் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், அவற்றில் மாண்டவர்களின் குருதியுமே காகிதத்தில் இருந்த சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் அறப்போர் நடந்தபோது, உள்ளே விடோம் என்று வழிமறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் ஒக்ஸ்போர்ட்டிற் கற்றவர், கணிதப் பேராசிரியராயிருந்தவர், அமைச்சராயும் இருந்தவர். அவர்மீதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. கல்வி வளர வளரச் சாதி தானே தேயும் என்று இன்றும் ஆறுதல் கூறும் அன்பர்கள் இந்த ஓர் உதாரணத்தைச் சிந்திப்பார்களாக.

எனவே, ‘எல்லாரையும் வரவேற்கும் ஊர்’ என்று இன்று நாம் பெருமை கொள்வதற்கு ஏதேனும் இருக்குமாயின், அது வாசலைத் தட்டியவர்கள் தந்த கொடை. வாசலை அடைத்தவர்களின் வாரிசுகள் அதனைத் தம் பரம்பரைச் சொத்தாக உரிமை கோருவது விந்தையிலும் விந்தை.

நம் மண்ணில் நல்ல முன்மாதிரிகள் இல்லையென்று நான் கூறவில்லை. உண்டு, அவை எவ்வாறு இயங்கின என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே சில நூல்களை வைத்து அயலவர்க்குப் படிக்கக் கொடுத்தார். எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தத் தக்க ஒரு தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் அது திறக்கப்பட்டது. காசு திரட்டக் களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டச் சீட்டுகளும் நடந்தன; கத்தோலிக்கக் குரு ஒருவரான லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார்; இந்திய நூலகவியலறிஞர் ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1959இற் கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கு ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்பர். ஒரு வீட்டு அறையில் தொடங்கிய முயற்சி அரை நூற்றாண்டில் ஓர் இனத்தின் நினைவகமாயிற்று. காரணம் யாது? ‘பொது’ என்ற சொல்லை அதன் தொடக்க வேண்டுகோளே முழுப்பொருளில் எடுத்துக் கொண்டது. நூல் கொடுத்தவர் யாரென்று பாராது நூலைப் பெற்றது. கேட்டவர் யாரென்று பாராது நூலைக் கொடுத்தது.

திறப்பைப் பற்றிய பாடத்தைக் கூட்டுறவு இயக்கம் கற்பித்தது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் ஏழை நெசவாளர் முதலிய 28 பேர் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்சும் மெழுகுதிரியும் விற்ற அக்கடை உலகை மாற்றியது அதன் சரக்கினாலன்று, அதன் விதிகளினாலேயே. உறுப்புரிமை எவர்க்கும் திறந்தது, பங்கு எத்தனை வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே, பெண்களும் உறுப்பினராகலாம், கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டும். இவ்விதிகள் நம் குடாநாட்டிலும் வேரூன்றின. மருத்துவமனையையே கூட்டுறவாக நடத்தலாம் என்று 1930களில் மூளாய் மக்கள் காட்டினர். 1970களின் முற்பகுதியில் கள்ளிறக்கும் தொழிலாளர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். அதற்கு முன், உயிரைப் பணயம் வைத்து மரமேறியவனின் உழைப்பு தவறணைக் குத்தகைக்காரனின் பெட்டியை நிரப்பியது. சங்கம் வந்தபின் அளவையும் விலையையும் கணக்கையும் தொழிலாளியே பார்த்தான். மரத்திலிருந்து வீழ்ந்தவனின் குடும்பத்துக்குச் சங்கத்தின் நிதி கைகொடுத்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் அது உதவிற்று. பிறருடைய கருணையால் வந்த மாற்றமா இது? கணக்குப் புத்தகம் கைமாறியதால் வந்த மாற்றம்.

கடலுக்கு அப்பாற் கேரளத்தையும் நோக்குக. 1945இல் பி. என். பணிக்கர் என்னும் பாடசாலை ஆசிரியரின் முயற்சியால் திருவிதாங்கூரில் 47 கிராம நூலகங்கள் ஒரு சங்கமாக இணைந்தன. சில தசாப்தங்களில் அவை ஆயிரக்கணக்காகப் பெருகின. ஊர்தோறும் இருந்த நூலகங்கள் தனித்தனித் தீவுகளாக நில்லாமல் ஒன்றோடொன்று கைகோத்தமையே அவற்றின் பலம். 1991இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் பின்னே அந்த ஊர் நூலகங்களின் நீண்ட உழைப்பும் இருந்தது.

இனி, நம் இன்றைய நிலையை நோக்குவோம். குடாநாட்டில் வாசிகசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் குறைவில்லை. கோப்பாயிலும் அயலூர்களிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை பெயர்ப்பலகைகள் தென்படுகின்றன. நிலையம், விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்று அமைப்புகள் பல. ஆனால் பல ஊர்களில் ஒரு நிலையத்துக்கும் மறு நிலையத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு எந்த நிலப்படத்திலும் இல்லாத பழைய கோடு என்பதை ஊரார் அறிவர். வெளியார் முன் அதனைச் சொல்ல மாட்டார்கள். ஒரே பாடசாலையில் ஒரே வாங்கிலிருந்து படிக்கும் இரு மாணவர்கள், மாலையானதும் இரு வேறு நிலையங்களுக்கும் இரு வேறு மைதானங்களுக்கும் பிரிந்து செல்கின்றனர். காலையில் நாம் கட்டுவதை மாலையில் ஊர் பிரிக்கின்றது.

‘ஒவ்வொரு குறிச்சிக்கும் தன் நிலையம் இருப்பதில் என்ன தவறு? அவர்களுக்கும் ஒன்று உண்டல்லவா?’ என்று நியாயவாதிகள் சிலர் கேட்கின்றனர். இவ்வினாவைத் தட்டிக் கழிக்கக் கூடாது. வாசல் அடைக்கப்பட்டவர்கள் தமக்கென்று ஒரு கொட்டகை போட்டு, பத்திரிகை வரவழைத்து, இரவில் விளக்கேற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அங்கிருந்துதான் போராட்டங்கள் பிறந்தன. அங்கிருந்துதான் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பிறந்தார்கள். அக்கொட்டகைகளைக் கலைத்துவிடச் சொல்பவன் மூடன். ஆனால் அடைக்கப்பட்டவன் கட்டிய தனி வீடும், அடைத்தவன் காக்கும் தனி வீடும் ஒன்றல்ல. முன்னது புகலிடம், பின்னது வேலி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘இரு பக்கமும் சமம்’ என்று தீர்ப்புக் கூறுவது, வேலியைப் பாதுகாப்பதற்கான புதிய தந்திரம்.

இந்நிலையிலே புதிய ஒரு சக்தியும் ஊருக்குள் வந்துள்ளது: வெளிநாட்டுப் பணம். போரினால் சிதறிக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவுகள் பனியிலும் குளிரிலும் உழைத்து அனுப்பும் காசு அது. அதனை இழிவாகப் பேசுவது நன்றிகேடு. ஆயினும் அப்பணம் எவ்வழியில் வருகின்றது, எதனை வளர்க்கின்றது என்று கேளாதிருப்பது அறிவீனம். முன்பு ஒரு நிலையம் கட்டப்பட்டபோது ஒருவர் கிடுகு கொடுத்தார். ஒருவர் மரம் கொடுத்தார். காசில்லாதவர் ஒரு நாள் சிரமதானம் கொடுத்தார். ஆகவே கட்டி முடித்த பின் எல்லார்க்கும் அதில் ஒரு பேச்சுரிமை இருந்தது. இன்று ஓரிருவர் அனுப்பும் தொகையால் மாபிள் பதித்த மண்டபம் எழுகின்றது. வாசலிற் கல்வெட்டு, கல்வெட்டிற் கொடையாளியின் பெற்றோர் பெயர். உள்ளே இறாக்கைகள் வெறுமையாயிருக்கின்றன. பத்திரிகை படிக்க வருவோர் ஐவர். ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்கு வருவோர் பன்னிருவர். அவர்களுட் பதின்மர் சென்ற ஆண்டின் நிர்வாக சபையினர். கணக்கு வாசிக்கப்படுகின்றது, யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனெனிற் காசு தம்முடையதல்ல என்று அவர்கள் எண்ணுகின்றனர். கொடையாளிக்கு மட்டும் கைத்தொலைபேசியிற் படங்கள் செல்கின்றன. ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையம் ஒரு தனிமனிதருக்குப் பதில் சொல்லும் நிலையமாக மாறிவிட்டது. கட்டடம் உயர்ந்திருக்கின்றது, கூட்டம் சிறுத்திருக்கின்றது.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். போரின் பின் குடாநாட்டிற் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் எத்தனையோ பேர். கடனுதவிக் குழுக்களின் கணக்கைத் துல்லியமாக எழுதுகின்றவர்களும் அவர்களே. ஆயினும் சனசமூக நிலையத்தின் தலைவர், பொருளாளர் பதவிகளில் அவர்களைக் காண்பது அரிது. ‘அவர்களுக்குத்தான் மாதர் சங்கம் இருக்கிறதே’ என்பது வழக்கமான பதில். ‘அவர்களுக்குத்தான் தனி நிலையம் இருக்கிறதே’ என்ற பதிலோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்லமைப்பும் ஒன்று, நோக்கமும் ஒன்று.

வரவேற்பு என்னும் பண்பைச் சோதிக்க வரலாறு நமக்கு ஒரு நாளைக் குறித்துத் தந்துள்ளது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் 70,000இற்கும் மேற்பட்டோர். தலைமுறை தலைமுறையாக அயலில் வாழ்ந்தவர்கள் போனபோது ‘ஊர்’ என்ன செய்தது? துப்பாக்கிக்கு அஞ்சி வாய் மூடியிருந்தது என்று கொள்வோம். அவர்கள் மீண்டும் வரத் தொடங்கிய காலத்தில் அந்தத் துப்பாக்கி இருக்கவில்லை. அப்போதும் நம் வரவேற்பு எத்தகையது? சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்தது. மழையிலும் சேற்றிலும் இலட்சக்கணக்கானோர் செம்மணி வழியும் கோப்பாய் – கைதடி வழியும் தென்மராட்சிக்கு நடந்தனர். முன்பின் அறியாதவர்க்குப் படலையைத் திறந்தவர்கள் இருந்தார்கள், அவர்களை வணங்குவோம். அகதியாய் வந்தவனிடமும் குறிச்சி கேட்டுக் கிணற்றை மறித்தவர்களும் இருந்தார்கள்; அவர்களை மறவோம். வலிகாமம் வடக்கில் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டபின், நலன்புரி நிலையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்க நேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களாயிருந்தமை தற்செயலா? நிலமுடையவனும் உறவுடையவனும் வெளியேறினார்கள். எஞ்சியவனை எந்த ஊரும் ‘வா’ என்று அழைக்கவில்லை.

‘இனப் பிரச்சினை தீரட்டும், இவற்றைப் பின்னர்ப் பேசலாம். இப்போது பேசினால் நாம் பிளவுபட்டுப் போவோம்’ என்று தேசியத்தின் பெயரால் வாய்ப்பூட்டு இடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 1968இல் மாவிட்டபுரத்திலும் இதுவே சொல்லப்பட்டது. பிளவைச் சுட்டுகின்றவன் பிளவை உண்டாக்குவதில்லை. மருத்துவன் நோயை உண்டாக்குவதில்லை. தன் அயற் குறிச்சிக்குத் திறப்பைக் கொடாத சமூகம் கொழும்பிடம் அதிகாரப் பகிர்வு கேட்கும்போது, அதன் குரல் கம்முவதில் வியப்பென்ன? அதிகாரத்தைப் பகிர்தல் என்பது மேலிருந்து கீழே ஒரு படியோடு நின்றுவிடும் கொள்கையன்று.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? ஒழுக்க உபதேசம் போதாது, விதிகள் வேண்டும். ஒரு கிராம அலுவலர் பிரிவில் வாழும் எவரும், எந்தக் குறிச்சியினராயினும், அப்பிரிவிலுள்ள எந்த நிலையத்திலும் உறுப்பினராகலாம் என்று யாப்பில் எழுதப்பட வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. விண்ணப்பத்தை நிராகரிப்பவர் காரணத்தைப் பொதுக் கூட்டத்தில் வாய்விட்டுக் கூற வேண்டும். ஒருவர் ஒரு பதவியில் இரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இருத்தலாகாது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவருள் ஒருவராவது பெண்ணாயிருத்தல் வேண்டும். வரவு செலவு மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாவும் அதில் இடம்பெற வேண்டும். கொடையாளியின் பெயரைக் கல்லிற் பொறிக்க விரும்பின் பொறிக்கட்டும். அதே கல்லில் மண் சுமந்தவர்களின் பெயர்களும் பொறிக்கப்படட்டும். பிரிவிலுள்ள நிலையங்கள் யாவும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடி, நூல்களை மாற்றிக் கொள்ளவும் மாலை வகுப்புகளைச் சேர்ந்து நடத்தவும் வேண்டும். வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்கள் உதவி வழங்கும்போது இவற்றை நிபந்தனையாக்கலாம். நிபந்தனையோடு கூடிய உதவியே பாடசாலைகளிற் சம ஆசனத்தைக் கொண்டு வந்தது என்பதை மறத்தலாகாது.

இவற்றை யார் தொடங்குவது? இச்சஞ்சிகையைப் படிக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கியே இதனை எழுதுகின்றேன். ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் அமைந்த ஊர் கோப்பாய். தலைமுறை தலைமுறையாக இங்கே பயிற்சி பெற்றவர்கள் நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சென்று கற்பித்தனர். வாலிபர் காங்கிரசைக் கட்டியவரும் ஆசிரியர். கேரளத்து நூலகங்களை இணைத்தவரும் ஆசிரியர். ஆசிரியத் தொழிலிலுள்ள நாமோ, மாலை நான்கு மணிக்குப் பின் ஊர்ப் பிரச்சினையிற் தலையிடாதிருப்பதை நாகரிகமாகக் கொண்டுவிட்டோம். தனியார் வகுப்புக்கு நேரம் உண்டு; நிலையத்தின் பொதுக் கூட்டத்துக்கு நேரமில்லை. குடிமைக் கல்விப் பாடத்திற் சமத்துவத்துக்கு வரைவிலக்கணம் எழுதுவிக்கின்றோம்; அப்பிள்ளை வீடு திரும்பும் வழியில் எந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கின்றது என்று பார்ப்பதில்லை. வரைவிலக்கணத்துக்குப் புள்ளி கிடைக்கும். வாழ்க்கைக்கு என்ன கிடைக்கும்?

மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது பெரிய தியாகமன்று. உங்கள் குறிச்சியில் அல்லாத ஒரு வாசிகசாலைக்கு ஒரு மாலைப் பொழுதிற் செல்லுங்கள். அங்குள்ள வாங்கில் அமர்ந்து பத்திரிகையைப் படியுங்கள். உறுப்புரிமை விண்ணப்பம் கேளுங்கள். உங்கள் நிலையத்துக்கு உங்கள் வகுப்புத் தோழனையும் தோழியையும் அழைத்து வாருங்கள். முகங்கள் சுளித்தால் எந்த முகங்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்குத் தனியே செல்லாமல் இருபது பேராகச் செல்லுங்கள். பொருளாளர் கணக்கை வாசித்து முடித்ததும், வழக்கம்போல யாரும் பேசாதிருக்கும் அந்த வேளையில் எழுந்து நின்று, மரியாதையோடும் உரத்த குரலிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

“ஐயா, இந்த நிலையத்தின் திறப்பு யார் கையில் இருக்கிறது? அடுத்த ஆண்டு அது யார் கைக்குப் போகும்?”

பதில் வரும் வரை அமராதீர்கள்.